பெயர் எழுதப்படாத தலைவிகள்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவின் கண்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் தந்த தலைப்பு "பெண்களும் தலைமைத்துவமும்". பேசுவதற்கு எளிதான தலைப்பு. 1960 இல் சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதற் பெண் பிரதமரானார் என்று தொடங்கலாம். நம் பாடசாலை தந்த நீதிபதிகள், பேராசிரியைகள், வைத்தியர்கள், அதிபர்கள் என்று வரிசையாகச் சொல்லிக் கைதட்டலோடு முடித்தும் விடலாம். அந்தப் பெருமை நமக்கு உண்டு. இந்த மலரின் மற்றப் பக்கங்கள் அதைச் சொல்கின்றன. இன்று நாம் வேறு சிலரைப் பற்றிப் பேசுவோம். நம் நகரத்தைச் சுற்றியுள்ள மலைகளில் மக்களை வழிநடத்தியும் நாம் படித்த பாடப் புத்தகங்களில் இடம்பெறாத பெண்கள் அவர்கள். அவர்களைப் போலவே தென்னாபிரிக்காவில் வாழ்ந்த சிலரையும் துணைக்கு அழைத்துக்கொள்வோம். அவர்களை நேரில் அறிந்தவர்கள் இன்னும் சில ஆண்டுகளே நம்மோடு இருப்பார்கள். அதற்குள் பெயர்களை எழுதிவைக்க வேண்டும். இன்று சொல்ல வந்தது அவ்வளவுதான்.

முதலில், வகுப்பறையில் நாம் என்ன படித்தோம் என்று நினைத்துப் பார்ப்போம். 1867 இல் ஹேவாஹெட்டைப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். இந்த ஆண்டும் ஏக்கரும் நம்மில் பலருக்கு இன்றும் மனப்பாடம். டெய்லரின் கல்லறை மஹய்யாவையில் இருக்கிறது. ஹந்தானைத் தேயிலை நூதனசாலைக்குச் சுற்றுலா போனவர்கள் பழைய உருளை இயந்திரங்களையும் டெய்லரின் நினைவுப் பொருட்களையும் தோமஸ் லிப்டனின் கதையையும் பார்த்துத் திரும்பினோம். அந்த 19 ஏக்கரில் கொழுந்து கிள்ளிய பெண்களில் ஒருத்தியின் பெயராவது நமக்குத் தெரியுமா?

தோட்டத்தில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். கண்டி இராச்சியத்தின் கடைசிக் காலத்தில், 1814 இல், பிள்ளைகளோடு கொல்லப்பட்ட தாயை இந்நகரமே அறியும். "எஹெலேபொல குமாரிஹாமி" என்று நாம் சொல்வது கணவரின் வளவுப் பெயரால் வந்த பெயர். பிரபுவின் மனைவிக்கே அப்படியென்றால், லயத்தில் வாழ்ந்தவளின் பெயர் ஏட்டில் ஏறியிருக்குமா?

இனி ஒரு பெயரைச் சொல்வோம்: மீனாட்சி அம்மாள். நம்மில் எத்தனை பேர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறோம்? கோ. நடேசய்யர் என்றால் பலருக்குத் தெரியும். தஞ்சாவூர்ப் பகுதியிலிருந்து வந்து, மலையகத் தொழிலாளருக்காகப் பத்திரிகை நடத்தி, தொழிற்சங்கம் கட்டி, 1936 முதல் 1947 வரை அட்டன் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபையில் இருந்தவர். மீனாட்சி அம்மாள் அவருடைய மனைவி. பெரும்பாலான கட்டுரைகளில் அவரைப் பற்றி இருப்பது இந்த ஒரு வரிதான்: "அவருக்கு அவர் மனைவி உறுதுணையாக இருந்தார்." அந்த "உறுதுணை" என்ற சொல்லுக்குள் எவ்வளவு வேலை இருந்தது என்று பார்ப்போம்.

நம் சங்கம் தொடங்கிய அதே காலந்தான் அது. நடேசய்யரின் "தேசநேசன்" 1921 இலும் "தேசபக்தன்" 1924 இலும் வெளிவரத் தொடங்கின. அன்று தோட்டம் என்பது துரையின் தனியுடைமை. வெளியார் உள்ளே கால் வைத்தால் அத்துமீறல் குற்றம். நடேசய்யரே புடவை வியாபாரி போல வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் போனார் என்பார்கள். தொழிலாளியோ நினைத்தபடி வெளியேற முடியாது. "துண்டு" என்றொரு முறை இருந்தது. தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று எழுதிய அந்தச் சீட்டுக் கையில் இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடைக்காது. 1921 இல் சட்டம் அதை ஒழித்தது; கடனும் கங்காணியின் பிடியும் அதோடு ஒழிந்துவிடவில்லை. எழுத்து வாசிக்கத் தெரிந்தவர்களோ மிகச் சிலர்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு சங்கத்தை எப்படிக் கட்டுவது? பத்திரிகை அச்சடித்தால் வாசிக்க ஆள் இல்லை. கூட்டம் போட இடம் இல்லை. மீனாட்சி அம்மாள் பாடினார். சம்பள நாளில் ஆட்கள் கூடும் கடைவீதிகள், தோட்ட எல்லைக்கு வெளியேயுள்ள சந்திகள், சங்கக் கூட்ட மேடைகள் என்று போன இடமெல்லாம் பாடினார். பாரதியைப் பாடினார். தொழிலாளரின் நிலைமையைத் தாமே பாட்டாகக் கட்டியும் பாடினார். பாட்டுக் கேட்டு ஆட்கள் கூடினார்கள். கூடிய பிறகு பேச்சு நடந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. பத்திரிகையைப் பிடுங்கிக் கிழிக்கலாம். பேச்சாளரை எல்லையில் மறிக்கலாம். தெரிந்த மெட்டில் அமைந்த பாட்டு, கேட்டவளின் வாயோடு மலைக்கு ஏறிவிடும். கொழுந்து நிரையில் ஒருத்தி முணுமுணுத்தால் பக்கத்து நிரைக்காரிக்குக் கேட்கும். பிள்ளையைத் தூங்க வைக்கும்போது லயத்துக்கே கேட்கும். வாசிக்கத் தெரியாதவர்களிடம், அதிலும் பெண்களிடம், அரசியல் செய்தி போய்ச் சேர்ந்த வழி இதுவே. இன்று நாம் சுகாதாரக் கல்வி என்று பயிற்சிப் பட்டறை வைத்துப் படிப்பதை, செய்தி போய்ச் சேரும் வழியைக் கண்டுபிடிப்பதை, அவர் அன்றே செய்துகாட்டினார். பத்திரிகை வேலையிலும் அவருக்குப் பங்கு உண்டு. பெண்களின் உரிமைகளைப் பற்றியும் எழுதினார்.

1939 இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்சம்பளத்துக்கு வேலை செய்த இந்தியத் தொழிலாளரை நீக்கும் முடிவு வந்தது. அதே ஆண்டு யூலையில் நேரு இலங்கைக்கு வந்தார். இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. இந்தியாவும் தொழிலாளர் இங்கே வருவதைத் தடைசெய்தது. "நாம் இந்த நாட்டவரா, இல்லையா" என்ற கேள்வி ஒவ்வொரு லயத்து வாசலிலும் நின்ற நேரம். மீனாட்சி அம்மாள் தம் பாடல்களைத் தொகுத்து, "இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை" என்ற சிறு நூலாக 1940 இல் வெளியிட்டார். ஒரு நாட்டின் குடியுரிமை அரசியலைப் பாட்டில் வைத்துப் பேசிய அந்த நூல், நம் பாடசாலைகளின் தமிழ்ப் பாடத்திலும் வரலாற்றுப் பாடத்திலும் ஒரு பக்கமாவது பெறத் தகுதியுடையது.

அதே 1940 இன் சனவரியில், இங்கிருந்து அதிக தூரமில்லாத ஹேவாஹெட்டையில், முல்லோயாத் தோட்டத் தொழிலாளர்கள் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். 10 ஆம் திகதி பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். "முல்லோயா கோவிந்தன்" என்று இன்றும் மலையகம் அவரை நினைவுகூர்கிறது, அது வேண்டியதே. ஆனால், தேயிலைத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் என்றால் என்ன என்று ஒரு நிமிடம் யோசிப்போம். கொழுந்து பறிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விட்டால் தொழிற்சாலை ஓடும். வேலைநிறுத்தம் அன்று மாலையே முடிந்துவிடும். ஆக, நிலைத்து நின்ற ஒவ்வொரு வேலைநிறுத்தத்தின் பின்னாலும், "இன்றைக்கு யாரும் மலைக்குப் போகக் கூடாது" என்று லயம் லயமாகப் போய்ச் சொன்ன பெண்கள் இருந்தே தீர வேண்டும். அரிசி தீர்ந்த வீட்டுக்கு இன்னொரு வீட்டு அரிசியைக் கொண்டுபோய்க் கொடுத்தவர்களும் அவர்களே. அதுவும் தலைமைதான். அதற்குப் பதவிப் பெயர் இல்லாததால் ஏட்டில் ஏறவில்லை.

அவர்களுக்குக் கிடைத்த சம்பளத்தையும் சொல்ல வேண்டும். 1927 இன் ஆகக்குறைந்த சம்பளச் சட்டத்தின்கீழ் 1929 இல் நிர்ணயித்த நாட்கூலி, உயர்ந்த மலைப்பகுதித் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே சம்பளம் என்ற நிலை 1984 இல், ஒரு பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகே வந்தது. நம்மில் பலர் அப்போது பிறந்துவிட்டோம். அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தோட்டத்தின் வருமானத்தைக் கிள்ளிக் கொடுத்த விரல்கள் குறைந்த கூலிக்கு வேலை செய்தன. சங்கச் சந்தா அந்தச் சம்பளத்திலிருந்தும் பிடிக்கப்பட்டது. தோட்டத் தலைவர் பதவியோ பெரும்பாலும் ஆண்களிடமே இருந்தது. பெண்களுக்கு "மாதர் சங்கத் தலைவி" என்ற பதவி கிடைத்தது. பேச்சுவார்த்தை மேசையில் நாற்காலி கிடைக்கவில்லை.

இப்போது கடலைத் தாண்டித் தென்னாபிரிக்காவுக்குப் போவோம். இலங்கைக்குக் கப்பலேறிய அதே ஊர்களிலிருந்து, அதே வறுமையால், நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் போனவர்கள் இருக்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கிவிட்டவர்கள்மீது 3 பவுண் வருடாந்த வரி விதிக்கப்பட்டது. 1913 இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்களைச் செல்லாதவையாக்கியது. அந்த ஆண்டு ஒக்டோபரில் ஜொகன்னஸ்பேர்க்கின் தமிழ்ப் பெண்கள் சிலர், கைக்குழந்தைகளோடு, அனுமதியின்றி எல்லையைக் கடந்து நேட்டாலுக்குள் போனார்கள். நியூகாசில் சுரங்கத் தொழிலாளரிடம் பேசினார்கள். சுரங்கங்கள் நின்றன. காந்தியின் தென்னாபிரிக்கப் போராட்டத்தைப் பெருந்திரளான மக்களின் போராட்டமாக மாற்றியது அந்த வேலைநிறுத்தந்தான். அதைத் தொடக்கி வைத்தவர்கள் அந்தப் பெண்கள். அவர்களுக்கு மூன்று மாதச் சிறை கிடைத்தது.

அந்தப் பெண்களின் பெயர்ப் பட்டியலைக் காந்தி தம் நூலில் தந்திருக்கிறார். திருமதி தம்பி நாயுடு, திருமதி முருகேச பிள்ளை, திருமதி பெருமாள் நாயுடு என்று அது நீள்கிறது. பெரும்பாலும் எல்லாம் கணவன்மாரின் பெயர்கள். சிறைக்குப் போனது வீரம்மாள். ஏட்டில் ஏறியது தம்பி நாயுடு. அவர்களுக்குப் பின்னே சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மையின் சொந்தப் பெயர் மட்டும் நமக்கு நன்றாகத் தெரியும். ஜொகன்னஸ்பேர்க்கில் பிறந்த அந்தப் பதினாறு வயதுப் பெண், சிறையில் காய்ச்சல் கண்டு, வெளியே வந்த சில நாட்களில், 1914 பெப்ரவரி 22 இல் இறந்தார். அந்த ஆண்டே வரியும் நீங்கியது, திருமணங்களும் செல்லுபடியாயின. இறந்தவளுக்குப் பெயர் கிடைத்தது. உயிரோடு திரும்பி வந்து, அடுப்பு மூட்டி, பிள்ளை வளர்த்து, மீண்டும் கூட்டத்துக்குப் போனவர்களுக்குக் கணவன் பெயரே மிஞ்சியது.

அதே 1913 இல், அதே நாட்டில், புளூம்பொன்டெயின் நகரத்தின் கறுப்பினப் பெண்களும் கலப்பினப் பெண்களும் "பாஸ்" எனும் அனுமதிச் சீட்டை வைத்திருக்க மறுத்து ஊர்வலம் போனார்கள், சிறைக்கும் போனார்கள். அந்தச் சீட்டு இல்லாமல் நகரத்தில் இருக்க முடியாது, வேலை செய்ய முடியாது. நம் தோட்டங்களின் "துண்டு" நினைவுக்கு வருகிறது அல்லவா? ஒரு மனிதரைக் கட்டிப்போட ஒரு தாள் போதும் என்பதை இரண்டு நாடுகளும் அறிந்திருந்தன. சார்லட் மக்செக்கே என்ற பட்டதாரிப் பெண் 1918 இல் கறுப்பினப் பெண்களுக்கென்று ஒரு சங்கத்தையே அமைத்தார். அரசாங்கம் மீண்டும் பெண்களின் கையில் பாஸைத் திணிக்க வந்தபோது, 1956 ஓகஸ்ட் 9 இல், ஏறத்தாழ 20,000 பெண்கள் பிரிட்டோரியாவின் அரசமாளிகை முன் திரண்டார்கள். முன்னே நடந்த நால்வர் லிலியன் இங்கோயி, ஹெலன் ஜோசப், ரஹிமா மூசா, சோபியா வில்லியம்ஸ். கறுப்பினத்தவர், வெள்ளையர், இந்தியர், கலப்பினத்தவர் என்று நான்கு சமூகங்களின் பெண்கள். அந்த நாள் இன்று அந்நாட்டின் தேசிய மகளிர் தினம். வருடந்தோறும் விடுமுறை விட்டு நினைவுகூர்கிறார்கள். ஆக, நினைவு தானாக நிலைப்பதில்லை. யாரோ அதைக் கேட்டு, எழுதி, நாள் குறித்து நிலைநிறுத்த வேண்டியிருக்கிறது.

நம்மில் வைத்தியர்களாக இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொருவர் டாக்டர் கூனம். 1906 இல் டர்பனில் பிறந்தவர். கேசவலு குணரத்தினம் நாயுடு என்பது முழுப்பெயர். எடின்பரோவில் மருத்துவம் படித்து 1936 இல் ஊர் திரும்பினார். தென்னாபிரிக்க இந்தியப் பெண்களில் முதல் வைத்தியர். ஏழைகள் வாழும் பகுதியில் சிகிச்சை நிலையம் வைத்தார். இந்தியர் எங்கே காணி வாங்கலாம், எங்கே வசிக்கலாம் என்று கட்டுப்படுத்த 1946 இல் சட்டம் வந்தபோது, அதை எதிர்த்த சாத்வீகப் போராட்டத்தில் முன்னணியில் நின்று சிறை சென்றார். நேட்டால் இந்தியக் காங்கிரசின் துணைத் தலைவர்களில் ஒருவராகவும் இருந்தார். தம்மை இழிவாகச் சொன்ன சொல்லையே தம் வாழ்க்கை வரலாற்றுக்குத் தலைப்பாக வைத்தார்: "கூலி டாக்டர்". மலையகத்தில் பிறந்து வெள்ளை மேலங்கி போட்ட எவருக்கும் அந்தத் தலைப்பின் கனம் விளங்கும்.

நம் நாட்டிலும் ஒருவர் உண்டு. கனடாவிலிருந்து 1896 இல் யாழ்ப்பாணம் இணுவிலுக்கு வந்த டாக்டர் மேரி, தமிழர் ஒருவரை மணந்ததற்காக மிஷன் வேலையை இழந்தார். இரட்ணம் குடும்பத்து மருமகளாக இந்த நாட்டிலேயே தங்கிவிட்டார். மருந்து கொடுத்து மட்டும் தாய்மாரைக் காக்க முடியாது என்று கண்டு 1930 இல் லங்கா மகிள சமித்தியைத் தொடக்கினார். கண்டிக் கிராமங்களில் "மகிள சமித்தி" என்ற பலகையைப் பார்க்காதவர்கள் நம்மில் இல்லை. அதைத் தொடக்கிய டாக்டர் மேரி இரட்ணத்தின் பெயரைச் சொல்லத் தெரிந்தவர்கள் மிகச் சிலர்.

பெயர்கள் ஏன் இப்படித் தொலைகின்றன? சற்று முன் சொன்னவற்றிலேயே இரண்டு காரணங்கள் இருக்கின்றன: கணவன் பெயரில் எழுதும் வழக்கம், பதவி இல்லாத வேலையைத் தலைமை என்று எண்ணாத வழக்கம். நம் மலையகத்துக்கு மூன்றாவது காரணமும் உண்டு. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் பெரும்பாலான தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்து வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்டோபர் 30 இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேர் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று மக்களைப் பங்கு போட்டது. தலைமன்னாருக்குப் போன ரயிலை மலையகம் "ஒப்பாரிக் கோச்சி" என்று அழைத்தது. அந்தக் கோச்சியில் நம் அக்காமாரின் வகுப்புத் தோழிகளும் போனார்கள். லயத்துக் கூட்டத்தில் முன்வரிசையில் நின்ற பெண்களும் போனார்கள். ஒருத்தி என்ன செய்தாள் என்பதற்குச் சாட்சி சொல்லக்கூடிய பக்கத்து வீடு கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருந்தால், இங்கே அவள் கதை எப்படி நிலைக்கும்?

இன்னொரு கணக்கும் சொல்லலாம். 1947 பாராளுமன்றத்துக்கு இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் போன அனைவரும் ஆண்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் பொதுத் தேர்தலில் வென்று பாராளுமன்றம் போக 2024 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் போனார்கள். எழுபத்தேழு ஆண்டுகள். இவர்களை "முதல்" என்று வாழ்த்தும்போது, அதற்கு முன் பாடியவர்களும் நடந்தவர்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுவோம். கட்சி எதுவாக இருந்தாலும் இது நமக்குப் பொது.

பணி ஏற்கெனவே தொடங்கியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சாரல் நாடன் போன்ற மலையக எழுத்தாளர்கள் நடேசய்யரின் காலத்தைத் தேடி எழுதியதாலேயே மீனாட்சி அம்மாளைப் பற்றி இவ்வளவாவது இன்று பேச முடிகிறது. செங்கொடிச் சங்கத்தைச் சேர்ந்த மேனகா கந்தசாமி, தோட்டத் தொழிற்சங்கங்களில் பெண்களின் தலைமை பற்றி நூலே எழுதியிருக்கிறார். கம்பளைக்கு அருகே பழைய பீக்கொக் தோட்டத்தில் ஒரு பழைய லயத்தையே தேயிலைத் தொழிலாளர் நூதனசாலையாகவும் ஆவணக் காப்பகமாகவும் ஆக்கியிருக்கிறார்கள். ஹந்தானைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் வகுப்பாசிரியைகள், அடுத்த முறை கம்பளைக்கும் ஒரு பஸ் ஒழுங்குசெய்யலாம்.

இனி, நம் வேலை. கண்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் கிளினிக்கில் உட்காரும் நாம் தினமும் பார்ப்பது என்ன? தெல்தோட்டை, கலஹா, புஸ்ஸல்லாவை, பன்விலைப் பக்கங்களிலிருந்து வரும் அம்மாமார். கூடைக் கயிறு நெற்றியில் பதிந்த தழும்பு, தேயிலைக் கறை போகாத விரல், வளைந்த முதுகு, தேய்ந்த முழங்கால், பல வருடத்து இரத்தச்சோகை. "தொழில் என்ன?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லைங்க, தோட்டத்துல கொழுந்து எடுத்தேன்" என்கிறார்கள். நாற்பது வருட வேலைக்கு "ஒண்ணுமில்லை" என்று பெயர். 1984 வேலைநிறுத்தத்தில் முப்பது வயதில் நின்றவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். 1964 ஒப்பந்தம் வந்தபோது விவரம் தெரிந்த பிள்ளைகளாக இருந்தவர்களுக்கும் அதே வயது அல்லது அதற்கு மேல். மறதி நோய் எப்படி வருகிறது என்று நமக்குத் தெரியும். முதலில் நேற்றுச் சாப்பிட்டது போகும். பழைய நினைவுகள் கொஞ்சக் காலம் தங்கும். பிறகு அவையும் போகும். இந்த வேலையைத் தள்ளிப்போட நமக்கு நேரமில்லை.

ஆகவே, நூற்றாண்டு விழாவின் செலவில் கேடயங்களுக்கும் வளைவுகளுக்கும் ஒதுக்கியதில் ஒரு சிறு பகுதியை எடுத்து, ஒரு பெயரேடு தொடங்குவோம். நம்மில் ஒவ்வொருவரும் ஒரு முதிய பெண்ணிடம், அம்மம்மாவாக இருக்கலாம், அப்பாயியாக இருக்கலாம், பழைய அயலவராக இருக்கலாம், மூன்று கேள்விகள் கேட்போம். உங்கள் தோட்டத்திலோ ஊரிலோ ஒரு பிரச்சினை வந்தால் பெண்கள் யாரிடம் போவார்கள்? அவர் என்ன செய்தார்? அவருடைய சொந்தப் பெயர் என்ன? மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை விடக்கூடாது. "கங்காணி சம்சாரம்", "டிஸ்பென்சரி ஆயா", "பிள்ளைக்காம்பரா அக்கா", "ராசு அம்மா" என்றுதான் முதலில் பதில் வரும். பொறுமையாக உட்கார்ந்தால் மாரியாயி, சிவகாமி, பேச்சியம்மா என்று பெயர்கள் வெளியே வரும்.

இது தமிழ்ப் பெண்களுக்கு மட்டுமான ஏடாக இருக்க வேண்டியதில்லை. நம் பாடசாலையில் சிங்களத் தோழிகளும் முஸ்லிம் தோழிகளும் படித்தார்கள். அவர்களின் கிராமங்களிலும் மரணாதார சபையைக் கட்டியவர், குழாய்நீருக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறியவர், கலவரக் காலத்தில் பக்கத்து வீட்டுக்காரரைத் தம் வீட்டில் மறைத்து வைத்தவர் என்று பெண்கள் இருக்கிறார்கள். ஒரே ஏட்டில் மூன்று மொழிகளிலும் எழுதுவோம்.

இந்தியாவிலிருக்கும் தோழிகளுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். நீலகிரியில், திருச்சியில், மண்டபத்தில் குடியேறிய குடும்பங்களிடம் கேளுங்கள். இங்கே தொலைந்த பக்கங்கள் உங்கள் பக்கத்து வீட்டில் இருக்கின்றன. லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருப்பவர்கள் தொலைபேசியிலேயே பதிவுசெய்து அனுப்பலாம். சொல்பவரின் சம்மதத்தைக் கேட்டே பதிவுசெய்வோம். அவர் வேண்டாம் என்றதை எழுதாமல் விடுவோம். இந்த ஒழுக்கத்தை வைத்தியத் தொழில் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது.

பாடசாலையிலும் ஒரு வேலை இருக்கிறது. நமது பழைய சேர்வு இடாப்பில் தகப்பனாரின் பெயருக்கும் தொழிலுக்கும் நிரல் இருக்கிறது; தாயின் பெயருக்கு நிரல் இல்லை. தோட்டத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகளின் படிப்புச் செலவு பல வீடுகளில் தாயின் கைக்காசிலிருந்தே வந்தது. கைக்காசு என்றால் ஞாயிற்றுக்கிழமையும் மலைக்குப் போய் எடுத்த கொழுந்துக்குக் கிடைத்த காசு. அதிபர் அவர்களின் அனுமதியோடு, அந்த இடாப்பைப் பார்த்து, தொடர்புகொள்ள முடிந்த ஒவ்வொரு பழைய மாணவியிடமும் அவருடைய தாயின் பெயரைக் கேட்டு, தனி ஏடாக எழுதி, நூலகத்தில் வைப்போம். நூறு வருடத்துப் பிள்ளைகளின் தாய்மாருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அது.

மலரை வாசித்து மூடுமுன் ஒரு தாளை எடுத்து ஒரு பெயரை எழுதுங்கள். கீழே ஊர், தோட்டம், அவர் செய்த வேலை என்று மூன்று வரி போதும். சங்கச் செயலாளருக்கு அனுப்புங்கள். முதற் பக்கத்தின் முதல் வரியில் மீனாட்சி அம்மாளின் பெயரை நாம் எழுதிவிட்டோம். இரண்டாவது வரி உங்களுடையது.